கம்பி தாழ்வா இருக்குது

1

போன வருடம் ஆடி பிறந்த வாரத்தில், கையில் ஒரு கல்லை வைத்துக்கொண்டு நாற்பது நிமிடம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இதை நம்ப மாட்டார்கள். என் வீட்டுக்காரரே இன்னும் நம்பவில்லை. "நாலு நிமிசம்னு சொல்லு, ஒத்துக்கறேன்" என்கிறார்.

நம்பினாலும் நம்பாவிட்டாலும் நடந்தது நடந்ததுதான். கனடாவில், கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கிற ஓர் ஊரில் நடந்தது. ஊர்ப்பேர் வேண்டாம், சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது, கனடாக்காரர்களுக்கே தெரியாது. அங்கே மாதாவின் தாயார் அன்னம்மாள் பேரில் ஒரு கத்தோலிக்கக் கோயில் உண்டு. அந்தக் கோயிலின் கீழ்த்தளக் கூடத்தில், பங்கு மக்களின் இனச் சமத்துவக் குழுக் கூட்டத்தில்தான் நான் அப்படி உட்கார்ந்திருந்தேன். ஆமாம், நான் அந்தக் குழுவில் உறுப்பினர். ஊரில் இருந்தவரை மகளிர் குழுவில்கூட என்னைச் சேர்க்கவில்லை, வாய் ஜாஸ்தி என்று.

என் பெயர் சகாயசெல்வி. திருத்தணிக்கும் கனகம்மாசத்திரத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். இங்கே வந்து பதினான்கு வருடம் ஆகிறது. பள்ளிக்கூடச் சமையல்கட்டில் வேலை. வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு மக்ரோனி வேகவைத்துப் போடுகிறேன். அதில் ஒரு சிட்டிகை மிளகாய்த்தூள் போட்டால் என்ன ஆகும் என்று தினமும் நினைக்கிறேன். இதுவரை போடவில்லை.

வந்து இறங்கிய அன்று விமான நிலையத்தில் எங்கள் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். நார்த்தங்காய் ஊறுகாய், குழம்புத் தூள், பொதட்டூர்பேட்டை லுங்கி ஆறு, வேளாங்கண்ணி எண்ணெய் ஒரு பாட்டில், மூன்று சுற்றுச் சுற்றிய கருவாடு. நான்காவது சுற்றும் சுற்றியிருக்க வேண்டும். அதிகாரி இரண்டடி பின்னால் போனார். "ஊரிலிருந்து வேறு ஏதாவது கொண்டுவந்திருக்கிறீர்களா?" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டே கேட்டார். "அவ்ளோதான் சார்" என்றேன்.

அது பொய். பொய் என்று எனக்கே பதிமூன்று வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

2

குழுவில் என்னைச் சேர்த்தது மார்கரெட். ஓய்வு பெற்ற டீச்சர், வெண்ணெய் மனசு. கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் எப்போதும் தயாராக நிற்கும். ஒரு ஞாயிறு பூசை முடிந்து நான் இரண்டாவது டோனட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள். பிடிபட்டுவிட்டேன் என்று நினைத்தேன். "செல்வி, உங்கள் குரல் எங்களுக்கு வேண்டும்" என்றாள்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. பிறந்ததிலிருந்து "வாய மூடு" என்று மட்டுமே கேட்டு வளர்ந்த குரல் ஐயா இது. அடுத்த செவ்வாய்க்கிழமையே ஒரு டப்பா சுண்டலோடு போய்விட்டேன்.

முதலில் ஒரு படிவம் கொடுத்தார்கள். இந்த நாட்டில் செத்தால்கூட முதலில் படிவம்தான். நீங்கள் என்ன இனம் என்று பதினான்கு கட்டம். தெற்காசியாவில் டிக் அடித்தேன். எங்கே உங்களைப் பாகுபாடாக நடத்தினார்கள் என்று அடுத்த கேள்வி. பள்ளி, வேலை, கடை, வாடகை வீடு எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. கோயிலுக்குக் கட்டம் இல்லை. 'மற்றவை' என்று கடைசியில் ஓர் அரை அங்குலம் விட்டிருந்தார்கள். அரை அங்குலத்தில் எங்கள் ஊரை எப்படி எழுதுவது? சும்மா விட்டுவிட்டேன்.

அப்புறம் அந்தக் கல். முட்டை அளவில், கறுப்பாக, வழவழவென்று இருக்கும். மார்கரெட் ஏதோ ஏரிக்கரையில் பொறுக்கியது. அதைக் கையில் வைத்திருப்பவர் மட்டும்தான் பேசலாம். மற்றவர்கள் மூச்சுவிடலாம், அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் கல்லைக் கையில் எடுத்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். இங்கே கல்லை எடுத்தால்தான் பேச்சே ஆரம்பம். எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துப்போய், வீட்டில் ஓர் உருளைக்கிழங்கை வைத்து முயன்று பார்த்தேன். "உருளக்கெழங்க கையில வெச்சிகினு சண்ட போட்ற மொத பொம்பள நீதான்டி" என்றார் என் வீட்டுக்காரர். அவரை நான் பாவா என்றுதான் கூப்பிடுவேன். மாமன் மகன், எங்கள் காலனியேதான். உருளைக்கிழங்கு அன்று இரவே வறுவலாகிவிட்டது.

குழுவில் எனக்குப் பிடித்த ஆள் எமேக்கா. நைஜீரியாக்காரர், ஆறேகால் அடி, ரயில்வே யார்டில் வண்டிகளை அனுப்புகிற வேலை. கல் அவர் கைக்குப் போனால் புளியங்கொட்டை மாதிரி ஆகிவிடும். முதல் நாள் அவர் சொன்னார்: "பதினோரு வருசமா இந்தக் கோயிலுக்கு வரேன். ஒவ்வொரு ஞாயிறும் வாசல்ல நிக்கிற பெரியவர் என்னைப் பாத்து, 'வாங்க வாங்க, ஊருக்குப் புதுசா?'ன்னு கேட்டு, புதுசா வர்றவங்களுக்குக் குடுக்கிற உறையைக் குடுக்கிறார். அதுல ஒரு பேனா இருக்கு. என் வீட்டுல இப்ப ஒரு பீரோ முழுக்கப் பேனா."

நான் கெக்கேபிக்கே என்று சிரித்துவிட்டேன். பார்த்தால் அவர் சிரிக்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

குழு இரண்டு மாதம் இதைப் பற்றி ஆழமாக விவாதித்தது. சிறு அறிக்கை ஒன்று தயாரித்துப் பங்குச் சாமியாரிடம் கொடுத்தது. அடுத்த ஞாயிறு எமேக்கா வந்தார். வாசலில் அதே பெரியவர். "வாங்க வாங்க, ஊருக்குப் புதுசா?" என்றார். பேனாவை மட்டும் கொடுக்கவில்லை.

3

ஒரு செவ்வாய்க்கிழமை மார்கரெட் எல்லாரிடமும் ஒரு கேள்வி கேட்டாள். இந்தக் கோயில் என்னுடையது என்று உங்களுக்குத் தோன்ற ஒரே ஒரு காரியம் செய்யலாம் என்றால் எதைச் செய்யலாம்? கல் சுற்றி வந்தது. என் கைக்கு வந்ததும், யோசிக்கவே இல்லை, "தேர்" என்றேன்.

அவர்களுக்குப் புரியவில்லை. விளக்கினேன். "அன்னம்மா திருநாளன்னைக்கு அன்னம்மாளக் கயிறு கட்டித் தெருத்தெருவா இழுப்போம்" என்று என் ஆங்கிலத்தில் சொல்ல, மார்கரெட் நெஞ்சில் கைவைத்துவிட்டாள். சாமியார், ஃபாதர் டாம், ஒல்லியான மனிதர், எதையும் அவசரப்பட்டுச் சொல்லாதவர், "பாவம், அந்த அம்மாள் என்ன தப்பு செய்தாள்?" என்று கேட்டார். படம் வரைந்து காட்டினேன். கீழே சக்கரம், மேலே அன்னம்மாள், சுற்றிலும் லைட்டு, முன்னால் வடம், பின்னால் சனம். அப்போதுதான் எல்லாரும் மூச்சுவிட்டார்கள்.

ஏன் தேர் என்று அவர்களிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

என் நைனா சவுண்டு சர்வீசில் வயர்மேன். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையடிவாரத்தில் சீரியல் லைட்டு கட்டுகிறவர்களில் அவரும் ஒருவர். எங்கள் ஊர்க் கோயிலில் அந்தோணியார் தேர் புறப்பட்டால் அவருக்கு இன்னொரு வேலை உண்டு. பன்னிரண்டடி மூங்கில், நுனியில் கவை. தெருவுக்குக் குறுக்கே போகிற கரண்டுக் கம்பியை அந்தக் கவையால் தூக்கிப் பிடிப்பார். தேர் அடியில் நுழைந்து போகும். அடுத்த கம்பிக்கு ஓடுவார். ஊர்த்தெரு முழுக்க இப்படித்தான். நைனா கம்பு தூக்கினால்தான் அந்தோணியார் நகருவார்.

கடைசியில் எங்கள் காலனி முனைக்கு வந்ததும் தேர் திரும்பிவிடும். ஏன் என்று கேட்டால் ஊர்க்காரர்கள் சொல்வார்கள்: "காலனில கம்பி தாழ்வா கீது. தேரு இடிச்சிக்கும்."

கம்பி தூக்குகிறவர் அங்கேயே, கையில் கம்போடு, வேர்வை ஒழுக நின்றுகொண்டிருப்பார். ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். அதுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.

ஒரு வருடம் நைனா ஈ.பி. ஆபீசுக்கு நடையாய் நடந்து, இரண்டு புதுக் கம்பம் நடவைத்தார். கம்பி பனைமரத்துக்கு மேலே போய்விட்டது. அந்த வருடம் ரோடு சின்னதாக இருந்தது. ரோடு அகலமானதும் குழாய்ப் பள்ளம் வந்தது. பள்ளத்தை மூடியதும், "அடுத்த வருசம் பாத்துக்கலாம்" வந்தது. அது இன்னும் போகவில்லை.

ஒவ்வொரு வருடமும் அம்மா வாசலைக் கழுவி, கோலம் போட்டு, ஒரு தட்டில் உப்பும் மிளகும் வைத்துக்கொண்டு நிற்பாள். தேர் வாசலுக்கு வந்தால் வேண்டிக்கொண்டு உப்பு மிளகு போட வேண்டும், அதுதான் வழக்கம். காலனியில் எல்லா வாசலிலும் ஒரு தட்டு இருக்கும். தேர் முனையில் திரும்பும். தட்டு உள்ளே போகும். மறுநாள் எங்கள் காலனி முழுக்க மிளகு ரசம்.

அம்மா இப்போது இல்லை. நைனாவுக்கு எழுபத்து நாலு. கம்பைத் தூக்கத் தோளில் தெம்பில்லை. இங்கே தேர் விடப்போகிறோம் என்று போனில் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "உன் வூட்டாண்ட வருமா?"

"வராம? நான்தான நைனா குழுவுல கீறேன்."

"வந்தா போன்ல காட்டு. வாசப்படிலே தேரு நின்னா எப்டி கீதுன்னு ஒரு வாட்டி பாத்துட்றேன்."

"ஆங், காட்றேன்" என்றேன். பெரிய வாக்கு கொடுத்துவிட்டேன்.

4

நகராட்சி அலுவலகத்தில் ஊர்வலத்துக்கு ஒரு படிவம், வண்டிக்கு ஒரு படிவம், லைட்டுக்கு ஒரு படிவம். கவுன்ட்டரில் இருந்த பெண் பேனாவை உருட்டிக்கொண்டே கேட்டாள், "ஊர்வலத்தில் மிருகங்கள் உண்டா?" பக்கத்தில் பாவா நின்றிருந்தார், தெர்மல் பேன்ட்டு மேல் லுங்கி கட்டிக்கொண்டு, மே மாதம்கூட அவருக்குக் குளிரும். "இவர் மட்டும்தான்" என்றேன். அவள் எழுதிக்கொண்டாள். என்ன எழுதினாள் என்று இன்றுவரை தெரியாது.

கடைசியாகப் பாதை. குழுக் கூட்டத்தில் மார்கரெட் ஊர் வரைபடத்தை மேசையில் விரித்து, சிவப்பு மார்க்கரை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள். "இத்தனை வருசம் எல்லாப் பாதையையும் நாங்களே வரைஞ்சோம். இதை நீங்க வரையுங்க, செல்வி." எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஒரே இழுப்பு. கோயில் வாசல், பேங்க் தெரு, பூங்கா, மேப்பிள் மரம் நிற்கிற பெரிய வீடுகள், மார்கரெட் வீடு, ரயில் பாதை வரைக்கும் போய், அங்கே ஒரு வளைவு, திரும்பிக் கோயில். அழகாக வந்திருந்தது. மறுபேச்சில்லாமல் நிறைவேறியது. வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜில் ஒட்டினேன்.

என் மகள் ஜெனிக்கு அப்போது பதினைந்து. உலகத்தில் எந்த மூலையில் அநியாயம் நடந்தாலும் அட்டை பிடித்துக்கொண்டு போய் நிற்பாள். ஞாயிறு பூசைக்கு மட்டும் வரமாட்டாள். அவள் தமிழ் பேசினால் சைக்கிள் கற்றுக்கொள்கிற பிள்ளை மாதிரி இருக்கும், விழுவாள், எழுவாள், ஆனால் போய்ச் சேர்ந்துவிடுவாள். பால் எடுக்க வந்தவள் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மம்மி, நம்ம பில்டிங் எங்க?"

"ரயில் லைனுக்கு அந்தாண்ட."

"தேர் ஏன் அங்க வரல?"

நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். தலையைத் தூக்காமல் சொன்னேன், "அங்க கம்பி தாழ்வா இருக்குது."

அவள் ஜன்னலுக்குப் போனாள். மேலே பார்த்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள்.

"எந்தக் கம்பி?"

கத்தியோடு நானும் போய்ப் பார்த்தேன். வானம் இருந்தது. எங்கள் பக்கத்தில் கரண்டு எல்லாம் மண்ணுக்குள்ளே ஓடுகிறது. கம்பம் கிடையாது, கம்பி கிடையாது, ஒரு காக்கா உட்காரக்கூட இடம் கிடையாது.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் மூன்று செங்கல் கட்டடங்கள். நாங்கள், எமேக்கா வீட்டார், பிலிப்பைன்ஸ் குடும்பங்கள், போன வருடம் வந்த எரித்திரியாக்காரர்கள், எல்லாரும் அங்கேதான் இருக்கிறோம். பதினோரு மணிப் பூசையில் பாட்டுச் சத்தம் வருவதே அந்த மூன்று கட்டடத்திலிருந்துதான். அவ்வளவு பேரையும் நானே ஒரு வளைவு போட்டு விட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஒருத்தரும் சொல்லவில்லை, அங்கே போகாதே என்று. மார்க்கர் என் கையில் இருந்தது. மார்க்கர் போனது அந்தோணியார் போகிற வழி.

சமையல்கட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதேன். ஜெனி பயந்துபோய், "மம்மி, சாரி, சாரி" என்றாள். வெங்காயம் என்று சொன்னேன். நம்பவில்லை.

பாவா வந்து கேட்டுவிட்டு முதலில் சிரித்தார். அப்புறம் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். "நான் வரைஞ்சிருந்தாலும் இப்டித்தான் வரைஞ்சிருப்பேன்" என்றார்.

5

வரைந்ததை அழிப்பது சுலபம் என்று நினைத்துத்தான் அடுத்த செவ்வாய் போனேன். "பாதை தப்பு. மாத்தணும்" என்றேன்.

"இல்லை செல்வி" என்றாள் மார்கரெட். "அது உங்க பாதை. உங்க குரலை நாங்க அழிக்க மாட்டோம்."

"என் குரல்தாங்க மாத்தச் சொல்லுது."

"எங்களுக்காக நீங்க விட்டுக்கொடுக்கக் கூடாது."

கதையைக் கேட்டீர்களா? என் உரிமைக்காக என்னோடே சண்டை போடுகிறார்கள். நான் வரைந்த படத்தை என்னிடமிருந்து காப்பாற்ற ஏழு பேர் ஒற்றுமையாக நின்றார்கள். எமேக்கா மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குப் பங்கு நிர்வாகக் குழுவிலிருந்து டொனால்ட் என்பவர் வந்திருந்தார். நல்ல மனிதர், ஆனால் சட்டைப் பையில் எப்போதும் ஓர் அளவுகோல் இருக்கும். கல்லை வாங்கிக்கொண்டு நிதானமாகச் சொன்னார். இன்ஷூரன்ஸ் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம்தான். படிவம் கொடுத்தாயிற்று. முதல் தடவை சின்னதாகச் செய்வோம். "அடுத்த வருடம் பார்க்கலாம்."

அவர் ஆங்கிலத்தில்தான் சொன்னார். ஆனால் அந்த வாக்கியத்தை எனக்கு நடையை வைத்தே தெரியும். எங்கள் வாசலுக்கு வராமலே எத்தனை வருடம் முனையோடு திரும்பிப் போயிருக்கிறது!

கல்லை வாங்கினேன். அந்த அரை அங்குலத்தில் எழுதாததை எல்லாம் சொன்னேன். கம்பு, கவை, காலனி முனை, கம்பி, உப்பு, மிளகு, ரசம். நைனாவுக்குக் கொடுத்த வாக்கு. நான் வரைந்த வளைவு, ஜெனி கேட்ட கேள்வி. "ஊர்ல யாரோ செஞ்சத இங்க நானே செஞ்சிட்டேன். வெக்கமா இருக்குது" என்றேன்.

மார்கரெட்டுக்கு மூன்று டிஷ்யூ ஆனது. ஒவ்வொருவரும் தலையை அசைத்து, உதடு மட்டும் அசைய, பகிர்ந்துகொண்டதற்கு நன்றி என்றார்கள். அப்புறம் டொனால்ட் கல்லுக்காகக் கையை நீட்டினார். அடுத்த விஷயம் கார் நிறுத்துமிடம்.

நான் கல்லைக் கொடுக்கவில்லை.

சட்டம் சட்டம்தானே. கல் இருக்கிறவர்தான் பேசலாம். எனக்கோ பேச ஒன்றும் மிச்சமில்லை. கல்லை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம் எல்லாரும் நான் உணர்ச்சிவசப்பட்டிருக்கிறேன் என்று நினைத்து மரியாதையாகக் காத்திருந்தார்கள். பத்து நிமிடத்தில் லேசாகச் சந்தேகம் வந்தது. மார்கரெட் வாயைத் திறந்தாள், தன் சட்டம் தனக்கே ஞாபகம் வந்து மூடிக்கொண்டாள். காப்பி மெஷின் மட்டும் கல் இல்லாமல் குடுகுடுவென்று பேசியது. ஒருவர் எழுந்து பாத்ரூம் போய்விட்டு வந்து, இன்னும் அப்படியே இருப்பதைப் பார்த்துத் திடுக்கிட்டார். டொனால்ட் ஒரு சீட்டில் எழுதி நகர்த்தினார்: 'தயவுசெய்து கல் கிடைக்குமா?' படித்தேன். மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். எமேக்காவின் தோள் குலுங்கியது. பதினோரு வருடத்தில் அந்தக் கோயிலில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

எழுந்து போய்விடலாமே என்று நீங்கள் கேட்கலாம். போகமாட்டார்கள். கூட்டம் முடிந்தது என்று சொல்லவும் கல் வேண்டும்.

நாற்பதாவது நிமிடம் ஃபாதர் டாம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினார். கல்லை விடாமல் அவர் பக்கம் நீட்டினேன். அவர் ஒரு விரலை மட்டும் அதன்மேல் வைத்தார். "தேர் ரயில் பாதையைத் தாண்டும். இன்ஷூரன்ஸ்காரரிடம் நான் பேசுகிறேன்" என்றார். எமேக்காவும் ஒரு விரலை வைத்தார். "தேர் போற சனிக்கிழமை அஞ்சிலிருந்து ஏழு வரைக்கும் அந்தப் பாதையில வண்டி கிடையாது. அனுப்புறவனே நான்தான்."

அதற்கப்புறம் கல்லை டொனால்டிடம் கொடுத்தேன். அவர் அதை வெகுநேரம் உருட்டிக்கொண்டிருந்தார். கார் நிறுத்துமிடம் என்று ஆரம்பிப்பார் என்று நினைத்தேன். "வடம் பிடிக்க எத்தனை பேர் வேண்டும்?" என்று கேட்டார்.

6

தேர் என்றால் பனியில் ஓட்டுகிற வண்டியை ஏற்றிப்போகிற டிரெய்லர்தான். டொனால்டுடையது. பாவா மூன்று நாள் லீவு போட்டு சீரியல் லைட்டு கட்டினார், மல்லிகைக்குப் பதில் காகிதப்பூ சுற்றினார், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஊர்வலத்தை நடத்தினார். நகராட்சி விதிப்படி அன்னம்மாளுக்கு சீட் பெல்ட் போட வேண்டும் என்றார்கள், போட்டோம். வாசலில் பெரியவர் எமேக்காவைப் பார்த்து, "வாங்க வாங்க, ஊருக்குப் புதுசா?" என்றார். எமேக்கா சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து அவர் கையில் வைத்து, "ஆமாம், நீங்க?" என்றார்.

ஜெனி வந்தாள். பூசைக்கு இல்லையாம், தேருக்காம். கூடத்தில் உயரத்து ஜன்னலைத் திறக்க ஒரு நீளக் கழி வைத்திருப்பார்கள். அதன் நுனியில் சட்டை மாட்டும் கம்பியை வளைத்துக் கவை கட்டியிருந்தாள். தாத்தாவிடம் போனில் கேட்டுக் கேட்டுச் செய்தாளாம், எனக்குத் தெரியாமலே. அதைத் தூக்கிக்கொண்டு தேருக்கு முன்னால் நடந்தாள்.

"எதுக்குடி? அதான் கம்பி இல்லையே."

"இருந்தா?" என்றாள்.

பேங்க் தெரு, பூங்கா, மேப்பிள் மரம், மார்கரெட் வீடு. ரயில் பாதைக்கு வந்ததும் என் கால் தானாகத் திரும்பப் பார்த்தது. எமேக்கா வடத்தை ஓர் இழு இழுத்தார். டிரெய்லர் தடக்தடக்கென்று தண்டவாளத்தைத் தாண்டியது. மூன்று கட்டடத்திலும் எல்லா ஜன்னலிலும் தலைகள் தெரிந்தன.

எங்கள் வாசலில் தேர் நின்றது. ஓடிப்போய்த் தட்டை எடுத்துவந்தேன். வீட்டில் இருந்த மிளகு பாட்டிலை அப்படியே கவிழ்த்திருந்தேன், மூன்று தலைமுறைக்குச் சேர்த்து. உப்பும் மிளகுமாக அள்ளிப் போட்டேன். டொனால்டுக்கு ஏழு தும்மல் வந்தது.

அதற்குள் ஜெனி போனைப் போட்டுவிட்டாள். ஊரில் அப்போது விடிகிற நேரம். தம்பி பீட்டர் போனைப் பிடித்திருக்க, நைனா துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லைட்டைப் பார்க்கவில்லை, அன்னம்மாளைப் பார்க்கவில்லை. தொழில் புத்தி, மேலே பார்த்தார்.

"கம்பி எங்கடி?"

"இங்க கம்பியே இல்ல நைனா. எல்லாம் மண்ணுக்குள்ள."

துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார். அப்புறம் மெதுவாகக் கேட்டார். "கம்பியே இல்லாத ஊர்ல, தேரு வரமுடியாதுன்றதுக்கு இன்னா காரணம் சொன்னாங்க?"

ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை நைனா என்று சொல்லியிருக்கலாம். சொல்ல முடியவில்லை.

"நான்தான் நைனா சொன்னேன். பாதைய என் கையில குடுத்தாங்க. நம்ப தெருவ நானே உட்டுட்டேன். கேட்டதுக்குக் கம்பி தாழ்வா கீதுன்னு சொல்லிட்டேன்."

அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. நைனா என்னையே பார்த்தார். திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து, இருமி, பீட்டர் தண்ணீர் கொடுத்து, குடித்துவிட்டு மறுபடி சிரித்தார்.

"அடிப் பாவி! இம்மாந் தூரம் போறவ, ஊர்லர்ந்து எத்த எடுத்துகினு போயிருக்கிற பாரு! ஏர்போர்ட்ல உன்னப் புடிக்கலியா?"

"கேட்டான் நைனா. அவ்ளோதான் சார்னு சொல்லிட்டேன்."

"சரி சரி" என்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "போன கீழ புடி. வாசப்படியக் காட்டு."

கீழே பிடித்தேன். டிரெய்லர் சக்கரம், அதை ஒட்டி எங்கள் கட்டடத்துச் சிமென்ட் படி, படியெல்லாம் உப்பும் மிளகும். நைனா போனுக்குள் முகத்தைக் கொண்டுவந்து பார்த்தார். எமேக்கா கடிகாரத்தைக் காட்டினார். ஏழாகப் போகிறது, வண்டி வரும்.

"இன்னும் கொஞ்ச நேரம் நிக்கட்டும்" என்றார் நைனா.

அதை எமேக்காவிடம் சொன்னேன். அவர் தன் போனை எடுத்து யார்டுக்குப் பேசினார். கோதுமை ஏற்றிய ஒரு சரக்கு வண்டி, என் நைனா வாசற்படியைப் பார்த்து முடிக்கிறவரை யார்டிலேயே காத்திருந்தது.

மறுநாள் ரசம் வைக்க வீட்டில் மிளகு இல்லை.